நாத்தனார் வீட்டு அடுப்படியில் எதை எடுக்கலாம், எதை விடலாம்

காட்பாடி காந்தி நகரில் உங்கள் நாத்தனார் கட்டியிருக்கும் வீட்டு அடுப்படியைப் படமெடுத்து அனுப்பி, இதே மாதிரி சத்துவாச்சாரியில் நாங்கள் கட்டுகிற வீட்டிலும் செய்யச் சொல்லலாமா, இதில் எது நல்லது எது வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கம் இருபது வருடத்துக்கு மேல் சமையலறை வேலை எடுத்துச் செய்கிறேன். நீங்கள் அனுப்பிய எல்லாப் படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், வீடியோவையும் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தேன். அழகான அடுப்படிதான், அதில் சந்தேகமே இல்லை. வெளிர் பச்சை ஷட்டர், பித்தளைக் கைப்பிடி, வெள்ளை குவார்ட்ஸ் மேடை, அடுப்புக்குப் பின்னால் ஆத்தங்குடி டைல், நடுவில் சுவரைத் தொடாமல் தனியாக நிற்கிற ஒரு தீவு மேடை. யோசித்துச் செய்திருக்கிறார்கள், பணமும் மனசும் போட்டுச் செய்திருக்கிறார்கள். ஆனால் அப்படியே எடுத்து உங்கள் வீட்டில் வைத்தால் பாதி விஷயம் உங்களைப் படுத்தும்.

எந்த அடுப்படியைப் பார்த்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, இதைத் துடைக்கப் போவது யார், எந்தத் தண்ணீரில் என்பதுதான். நம் ஊரில் அடுப்படியின் அழகு நிற்பதும் போவதும் போர் தண்ணீர் கையில் இருக்கிறது. குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது, சரி. பாத்திரம் கழுவ, மேடை துடைக்க, தரை அலச நம்மில் பெரும்பாலோர் திறந்துவிடுவது உப்புத் தண்ணீரைத்தான். ஒரு சொட்டு கல்லின் மேல் நின்று காய்ந்தால், தண்ணீர் போய் கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளை வளையமாக அங்கேயே தங்கிவிடும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் அந்தச் சொட்டு காய எவ்வளவு நேரம் ஆகும்? துணி எடுத்து வருவதற்குள் காய்ந்துவிடும். பெங்களூரிலோ சென்னையிலோ உட்கார்ந்து டிசைன் போடுகிறவர்கள் பலருக்கு இது கணக்கிலேயே வருவதில்லை.

இந்தக் கணக்கோடு பார்த்தால் உங்கள் நாத்தனார் வீட்டில் முதலில் கண்ணில் குத்துவது அந்தக் கறுப்பு மேட் சிங்க்கும், அதே நிறத்தில் வளைந்து நிற்கிற குழாயும். படத்தில் பார்க்க அவ்வளவு நேர்த்தி, வெள்ளை மேடைக்கு நடுவில் மை தீட்டியது மாதிரி. ஆனால் எட்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், குழாய் அடியில், மேடையைத் தொடுகிற இடத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வளையம் தெரியும். கிரகப்பிரவேசம் ஆகி நாலு மாதம் என்கிறீர்கள், அதற்குள் வந்துவிட்டது. அதை எடுக்க எலுமிச்சையோ வினிகரோ போட்டுத் தேய்க்க வேண்டும், தேய்க்கத் தேய்க்கக் கறுப்புப் பூச்சு மங்கும். உங்களுக்கு நான் சொல்வது சாதாரண எவர்சில்வர் சிங்க்தான், 304 தரம் என்று கேட்டு வாங்குங்கள், பளபளப்பு இல்லாத பிரஷ் பினிஷ். ஒற்றைத் தொட்டி, 24 அங்குலத்துக்கு 18, ஆழம் 9. இரட்டைத் தொட்டி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் குண்டான் எதில் படுக்கும் என்று யோசித்தாலே போதும். இரண்டு சின்னத் தொட்டியில் அது எதிலும் இறங்காது, கடைசியில் பாத்ரூம் குழாயடிக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். குழாய் உயரமாக வளைந்திருப்பது மட்டும் நல்ல யோசனை, குண்டான் அடியில் நுழைகிறது. அந்த வளைவை எடுத்துக்கொள்ளுங்கள், நிறத்தை விட்டுவிடுங்கள்.

அந்தச் சிங்க்குக்கு மேலே இருக்கிற ஜன்னல், எனக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்த ஒன்று. சும்மா சொல்லவில்லை, அதைச் செய்த மேஸ்திரியைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வேன். வழக்கமாக மேடை ஒரு உயரத்தில் முடியும், அதற்கு மேல் அரையடிச் சுவர், டைல், அப்புறம் ஜன்னல் கட்டை, அதற்குத் தனியாக ஒரு கல் என்று மூன்று நான்கு மூட்டு வரும். ஒவ்வொரு மூட்டிலும் ஈரமும் பிசுக்கும் போய் உட்காரும். இங்கே மேடைக் கல்லையே ஒரே துண்டாக ஜன்னலுக்குள் நீட்டி, கிரில் கம்பி வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். மூட்டே கிடையாது. துணியை ஒரு இழுப்பு இழுத்தால் தண்ணீர் சிங்க்குக்குத் திரும்பி வருகிறது. காலைச் சூரியன் கிடைமட்டமாக உள்ளே வந்து மேடை மேல் நீளமாக விழுகிறது. அங்கே வைத்திருக்கிற கறிவேப்பிலைச் சொம்பையும் கீரைக் கட்டையும் பார்த்தால் இதற்காகவே ஜன்னல் வைத்த மாதிரி இருக்கிறது. இதை அப்படியே செய்யுங்கள், கூடுதல் செலவு ஒன்றரை இரண்டடிக் கல்தான். ஒரே ஒரு திருத்தம், கல்லை உள்பக்கமாகக் கால் அங்குலம் வாட்டம் வைக்கச் சொல்லுங்கள். கொசுவலையைக் கழற்றி மாட்டுகிற சட்டமாகப் போடுங்கள், அடுப்படி வலை ஆறு மாதத்தில் பிசுக்கு ஏறிக் காற்றே விடாது, கழற்றிக் கழுவ முடிய வேண்டும்.

இப்போது மேடைக் கல். வெள்ளை குவார்ட்ஸ் என்பது மலையில் வெட்டிய கல் கிடையாது. குவார்ட்ஸ் தூளைப் பிசின் போட்டு அழுத்திச் செய்த பலகை. அந்தப் பிசின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான், ஆனால் வெப்பம் தாங்காதது அதுதான். தோசைக்கல்லை இறக்கி நேராக மேடையில் வைக்கிற பழக்கம் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, ஒருநாள் விருந்தாளி யாராவது வைத்துவிட்டால் வட்டமாகப் பழுப்பு விழுந்துவிடும், அதை எடுக்கவே முடியாது. மஞ்சள் கறை பற்றி அவ்வளவு பயம் வேண்டாம், மஞ்சளின் நிறம் வெயிலுக்கு வெளுக்கும், ஜன்னல் பக்கம் இருந்தால் தானாகவே குறையும். சூடுதான் பிரச்சினை. கிரானைட்டுக்கு அந்தப் பயம் இல்லை, நமக்குக் கிருஷ்ணகிரி பக்கத்திலேயே நல்ல கல் கிடைக்கிறது. ஆனால் கிரானைட் என்றதும் எல்லோரும் கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புக்குப் போகிறார்கள், நம் தண்ணீருக்கு அதுவும் சரிவராது, ஒவ்வொரு சொட்டும் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். நடுத்தர நிறம், உடம்பில் புள்ளியோ அலையோ ஓடுகிற கல் எடுங்கள். பாரடைசோ மாதிரி பழுப்பும் ஊதாவும் கலந்தது, இல்லையென்றால் ஸ்டீல் கிரே. உப்பும் தெரியாது, சிந்திய கடுகும் தெரியாது, எப்போது பார்த்தாலும் துடைத்த மாதிரி இருக்கும். பழைய வீடுகளில் கடப்பா கல்லையே மேடையாகப் போட்டிருப்பார்கள். அது சுண்ணாம்புக் கல், புளித் தண்ணீரும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் வெளுத்துப் போகும். மேடைக்கு வேண்டாம், ஆனால் மேடைக்கு அடியில் வருகிற தட்டுக்கு நல்லது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கல் வெட்டுவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், கேட்கிறவர் யாராக இருந்தாலும் சொல்வேன். குவார்ட்ஸ் பலகையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சிலிக்கா இருக்கலாம். உலர வெட்டும்போது எழுகிற தூள் நுரையீரலில் போய்த் தங்கிச் சிலிக்கோசிஸ் வருகிறது, வந்தால் அதைத் திருப்ப முடியாது. ஆஸ்திரேலியாவில் இதற்காகவே 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையையே தடை செய்துவிட்டார்கள். நம் ஊரில் பையன்கள் வீட்டுக்குள்ளேயே கட்டிங் மெஷினைப் போட்டு, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வெட்டுகிறார்கள். எந்தக் கல்லாக இருந்தாலும், கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, வெளியில் வைத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டச் சொல்லுங்கள். சிங்க் ஓட்டையைப் பட்டறையிலேயே வெட்டி வரச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் சொன்னால்தான் கேட்பார்கள்.

உயரம். நாத்தனார் வீட்டில் மேடை 36 அங்குலம் என்று நீங்களே அளந்து எழுதியிருக்கிறீர்கள், அவர் உயரம் ஐந்தடி ஏழு, அவருக்குச் சரி. உங்களுக்கு ஐந்தடி ஒன்று, மாமியாருக்கு அதற்கும் குறைவு. நேராக நின்று முழங்கையை மடித்துப் பிடியுங்கள், தரையிலிருந்து முழங்கை வரை அளந்து அதில் ஐந்து அங்குலம் கழியுங்கள், அதுதான் உங்கள் மேடை. உங்களுக்கு 33 அல்லது 33½ வரும். அடுப்பு இருக்கிற இடம் இன்னும் கவனம். மேடையில் பதித்த ஹாப் என்றால் அதே உயரம் பரவாயில்லை. மேடை மேல் தூக்கி வைக்கிற சாதாரண அடுப்பு என்றால் அதுவே நாலைந்து அங்குலம், அதன் மேல் குக்கர், குக்கருக்குள் கரண்டி. தோளைத் தூக்கித் தூக்கிக் கிண்டினால் கழுத்து வலி வராமல் என்ன செய்யும்? அந்த மூன்றடி நீளத்தை மட்டும் 30 அங்குலத்துக்கு இறக்கிவிடுங்கள். மேடை ஒரே மட்டத்தில் ஓடாதே, படத்தில் அழகாக இருக்காதே என்று டிசைனர் சொல்வார். சப்பாத்தி தேய்க்கவும் அந்தத் தாழ்வான பகுதிதான் வசதி என்று அவரிடம் சொல்லுங்கள்.

தீவு மேடை உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அவர்களுடைய அறை 14 அடிக்கு 11, அதிலேயே தீவுக்கும் சுவர் மேடைக்கும் நடுவில் இரண்டரை அடிதான் இருக்கிறது. டிராயரை வெளியே இழுத்தால் 20 அங்குலம், மிச்சம் பத்து அங்குலத்தில் ஆள் எப்படி நிற்பது? வீடியோவில் உங்கள் நாத்தனார் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுகொண்டு டிராயரைத் திறக்கிறார், கவனித்தீர்களா? மூன்றரை அடி வழி இருந்தால்தான் இரண்டு பேர் உரசாமல் வேலை செய்யலாம். உங்கள் அறை 10-க்கு 9.

சின்ன அறை என்று வருத்தப்படாதீர்கள். இன்று நாம் மாடுலர் கிச்சன் என்று சொல்வதற்கெல்லாம் முன்னோடி என்று 1926-இல் வியன்னாக்காரப் பெண் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வரைந்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையைச் சொல்வார்கள். சுமார் பத்தாயிரம் வீடுகளில் போட்டார்கள். அதன் அளவு 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அதாவது நம் கணக்கில் ஆறேகால் அடிக்குப் பதினோரு அடி. அரிசி, பருப்புக்கு வரிசையாக அலுமினிய டப்பாக்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிக் கைப்பிடியும் மூக்கும் வைத்து, இழுத்து அப்படியே பாத்திரத்தில் கொட்டுகிற மாதிரி. ஜன்னலடியில் உட்கார்ந்து நறுக்கப் பலகை, ஒரு ஸ்டூல், நறுக்கிய தோலைத் தள்ளிவிட ஒரு இழுப்பறை. நடையைக் குறைப்பதுதான் அந்த அம்மாவின் கணக்கு. தீவு மேடை நடையைக் கூட்டும்.

உட்கார்ந்து நறுக்குவது என்றதும் நினைவுக்கு வருகிறது, உங்கள் நாத்தனார் வீட்டில் யாரும் படமெடுக்க நினைக்காத ஒரு மூலை வீடியோவில் போகிற போக்கில் ஓடுகிறது. பின்வாசல் கதவுப் பக்கம் 16 அங்குல உயரத்தில் ஒரு தாழ்ந்த திண்ணை. நாலரை அடி நீளம் இருக்கும், அகலம் இரண்டேகால். அதில் ஒரு பெரியம்மா காலை மடக்கி ஏறி உட்கார்ந்து, அருவாமனைப் பலகையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு கத்திரிக்காய் அரிந்துகொண்டிருக்கிறார். எங்கள் பக்கத்து இலவம்பாடி முள் கத்திரிக்காய் மாதிரிதான் தெரிந்தது, காம்பில் முள் இருக்கும், பிடிக்கிற விதம் தெரிந்தவர் கைதான் அது. தரையில் உட்கார்ந்து எழ முட்டி விடாத வயதில் அருவாமனையைக் கைவிட மனசில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கீரை ஆயலாம், மொச்சை உரிக்கலாம், பேரக்குழந்தை வந்து பக்கத்தில் உட்காரும். அடியில் இரண்டு இழுப்பறை, முகப்பில் பலகைக்குப் பதில் கம்பி வலை, உள்ளே வெங்காயமும் உருளைக்கிழங்கும், காற்றோட்டமாக. அந்த வீட்டில் தீவுக்குச் செய்த செலவில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகியிருக்காது. உங்கள் மாமியாரை மனதில் வைத்து அவசியம் செய்யுங்கள்.

ஆத்தங்குடி டைலை நான் மிகவும் மதிக்கிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது, சூளையே கிடையாது. அந்த மினுமினுப்பு கண்ணாடியிலிருந்து வருவது, காலடி பட்டுப் பட்டு இன்னும் ஏறும். தரைக்கு அது ராணி. அடுப்புக்குப் பின்னால் ஒட்டினால் பாவம், சுடாத சிமெண்ட் எண்ணெயைக் குடித்துவிடும், ஒவ்வொரு தாளிப்புக்கும் ஒரு துளி உள்ளே போகும், தேய்த்தாலும் வெளியே வராது. பூஜை அறைத் தரையிலோ சாப்பாட்டு அறையிலோ போடுங்கள், கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அடுப்புக்குப் பின்னால் மேடைக் கல்லையே இரண்டடி மேலே ஏற்றுவது உத்தமம், டைல்தான் வேண்டும் என்றால் நாலுக்கு இரண்டடிப் பெரிய டைலாகப் போட்டு, இருக்கிற ஒன்றிரண்டு மூட்டையும் எபாக்ஸி போட்டு அடையுங்கள். வெள்ளைச் சிமெண்ட் மூட்டு ஒரே வருடத்தில் மஞ்சளாகி, அப்புறம் கறுப்பாகும்.

பித்தளைக் கைப்பிடிகள் அழகு, குமிழ் மாதிரி உருண்டையாக, கைக்கு அடக்கமாக இருக்கின்றன, ஷட்டர் விளிம்பில் பள்ளம் தோண்டி விடுகிற கைப்பிடியை விட நூறு மடங்கு மேல். அந்தப் பள்ளத்தில் மாவும் மசாலாவும் போய் அடைத்தால் பல்குச்சி வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் பித்தளை மேல் நிறம் மங்காமலிருக்க மெல்லிய லாக்கர் பூச்சு இருக்கும். வெள்ளிக்கிழமை காமாட்சி விளக்கைப் புளி போட்டு விளக்குகிற கை தானாகவே கைப்பிடிக்கும் போகும், பூச்சு திட்டுத் திட்டாக உரியும். ஒன்று, பூச்சே இல்லாத பித்தளை வாங்கி விளக்கோடு சேர்த்து விளக்குங்கள், இல்லை ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிர் பச்சை நிறம் நல்ல தேர்வு, வெயில் ஊரில் கண்ணுக்குக் குளிர்ச்சி. வரி வரியான கண்ணாடி வைத்த மேல் அலமாரி அடுப்புக்கு இரண்டடி பக்கத்தில் இருக்கிறது, ஒவ்வொரு வரியிலும் பிசுக்கு ஏறும், எதிர்ச் சுவருக்கு மாற்றினால் பிரச்சினை இல்லை. திறந்த தட்டில் அடுக்கிய பித்தளைக் குடங்களுக்கும் அதே பதில்.

இப்போது படத்தில் தெரியாத, ஆனால் பத்து வருடம் கழித்து வீட்டைக் காப்பாற்றுகிற அல்லது கவிழ்க்கிற சமாச்சாரம். ஷட்டருக்குப் பின்னால் பெட்டி எதில் செய்திருக்கிறார்கள்? பிளாஸ்டிக் கால்களின் மேல் நிற்கிற பெட்டி, கீழே கிளிப் போட்டு மாட்டிய பட்டி என்று படத்தில் தெரிகிறது. நாம் தரையைத் துடைப்பதோடு விடுகிறவர்கள் இல்லை, வெள்ளிக்கிழமையும் பண்டிகைக்கு முன்னாலும் பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம். அந்தத் தண்ணீர் பட்டிக்கு அடியில் போய் நிற்கும், இருட்டு, ஈரம், கரப்பான். எங்கள் அம்மாவின் ஆற்காடு வீட்டுக்கு நான் இந்த வேலையில் புதிதாக இருந்தபோது மரத்தூளை ஒட்டி அழுத்திச் செய்கிற பார்ட்டிக்கிள் போர்டில் பெட்டி போட்டேன், விலை குறைவு, பினிஷ் நன்றாக இருந்தது. ஒரு கார்த்திகை தீபத்துக்கு எல்லோரும் திருவண்ணாமலை போய் இரண்டு நாள் கழித்து வந்தோம், சிங்க் அடியில் குழாய்க்குப் போகிற டியூப் விட்டுவிட்டது. கதவைத் திறந்தால் பெட்டி டீயில் நனைத்த பொறை மாதிரி உப்பி நிற்கிறது, கையால் பிய்த்தால் வருகிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பருப்பு டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினார். அன்றிலிருந்து சிங்க் அடியில் மரமே நான் வைப்பதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது, கீழே நாலு அங்குலம் செங்கல் கட்டி மேலே கல் போட்ட பீடம், மேடை விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் உள்ளே தள்ளி, கால் விரல் நுழைய. அதன் மேல் நிற்கிற தடுப்புகளும் நடுத் தட்டும் கடப்பா கல்லில். கடப்பா நமக்கு எட்டிப் பிடிக்கிற தூரம், விலை சகாயம், கரையான் தொடாது, தண்ணீர் பட்டால் கவலை இல்லை. முகப்புச் சட்டமும் ஷட்டரும் மட்டும் பிளைவுட். அதிலும் 710 என்கிற ஐ.எஸ். எண் முத்திரை உள்ள பலகை, மரைன் என்று கடையில் சொல்வார்கள். 303 முத்திரை மேல் அலமாரிக்குப் போதும். டிராயர் வருகிற இடத்தில் மட்டும் முழுப் பெட்டியும் பிளைவுட்டில் செய்யுங்கள், கல்லில் டிராயர் தண்டவாளம் மாட்டினால் மட்டம் நிற்காது. அலமாரிக் கதவைக் குறைத்து டிராயரைக் கூட்டியிருக்கிறார்கள் நாத்தனார் வீட்டில், அது சரியான முடிவு, குனிந்து தலையை உள்ளே விட்டுப் பாத்திரம் தேட வேண்டாம். மூலையில் இழுத்தால் சுற்றி வருகிற அந்தக் கம்பி ஏற்பாடு மட்டும் காசுக்கு ஏற்றதில்லை, அந்த மூலையில் பண்டிகைப் பாத்திரத்தைப் போட்டு மூடிவிடலாம்.

சிலிண்டரை அலமாரிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள், இது அழகு பற்றிய பேச்சே இல்லை, உடனே நாத்தனாரிடம் சொல்லுங்கள். சமையல் எரிவாயு காற்றை விடக் கனம், கசிந்தால் கீழே இறங்கித் தேங்கும், அடைத்த பெட்டிக்குள் அடிமட்டத்தில் நிற்கும். கதவின் கீழ்ப்பக்கம் காற்று போக வழி வைக்க வேண்டும். அதை விட நல்லது, வெளிச்சுவர் பக்கம் நிழலான இடத்தில் நிமிர்த்தி வைத்துச் செம்புக் குழாய் வழியாக உள்ளே கொண்டுவருவது. உங்கள் வீடு இன்னும் பூச்சு வேலையில் இருப்பதால் இப்போதே குழாய்க்கு வழி விட்டுவிடலாம்.

சிம்னி அடுப்பிலிருந்து 65 முதல் 75 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அலமாரிகளோடு வரிசை பார்த்து அவர்கள் மூன்றடிக்கு ஏற்றிவிட்டார்கள். குழாயில் மூன்று வளைவு வேறு, மிளகாய் தாளித்தால் இரும ஆரம்பிப்பார்கள். நேராகப் பின்சுவரில் ஓட்டை போட்டு ஒரே வளைவோடு முடியுங்கள். மேல் அலமாரிக்கு அடியில் விளக்குப் பட்டை வைத்திருப்பது அருமை, நறுக்குகிற கையின் மேல் நம் நிழலே விழாது. ஆனால் மஞ்சள் விளக்கில் அரிசியில் கல்லும் பருப்பில் வண்டும் தெரியாது, கொஞ்சம் வெள்ளையாக எரிகிற விளக்காக, 4000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள்.

கிரைண்டரை ஒரு சின்ன அறை மாதிரி செய்து சுருள் கதவு போட்டு மறைத்திருக்கிறார்களே, மேடை மட்டத்திலேயே இருப்பதால் தூக்க வேண்டியதில்லை, அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. கதவு மட்டும் வேண்டாம். சுருள் கதவின் பட்டை இடுக்கில் மாவு தெறித்துக் காய்ந்தால் நாற்றம் போகாது. உள்ளே 16 ஆம்பியர் பிளக் வைத்துத் திறந்தே விடுங்கள். பிளக் எதுவும் சிங்க்கிலிருந்து கைக்கு எட்டும் தூரத்தில் வேண்டாம், அடுப்படி லைனுக்கு மின்சாரம் கசிந்தால் உடனே நிறுத்திவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

அப்புறம் தண்ணீர் லைன். இதை உங்கள் நாத்தனார் செய்யவில்லை, நீங்கள் செய்ய இன்னும் நேரம் இருக்கிறது. சிங்க்குக்கு இரண்டு குழாய் வரட்டும், ஒன்று போர், ஒன்று காவிரி. பாத்திரத்தை உப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கடைசி அலசலும் மேடை துடைக்கிற துணியும் மட்டும் நல்ல தண்ணீரில். ஒரு நாளைக்கு ஒரு பக்கெட்டுக்கு மேல் ஆகாது, கண்ணாடியும் கல்லும் குழாயும் வருடக்கணக்கில் புதிதாக இருக்கும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பலர் மேடை துடைக்க எடுக்கிறார்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

கல், சிங்க், டைல், கைப்பிடி எதையும் கடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளங்கை அளவு துண்டு கேட்டால் கொடுப்பார்கள். அதை வீட்டு மொட்டை மாடியில் வைத்து, உங்கள் போர் தண்ணீரைக் காலையும் மாலையும் ஒரு கரண்டி ஊற்றிக் காய விடுங்கள். ஒரு மூலையில் புளிக் கரைசல், இன்னொரு மூலையில் மஞ்சள் கலந்த நல்லெண்ணெய். கல் துண்டின் மேல் மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை ஒரு முறை வையுங்கள். ஐந்து நாள் கழித்துச் சோப்பு போட்டுக் கழுவி, உங்கள் மாமியாரிடம் கொடுத்து எது அவருக்குத் துடைக்கச் சுலபமாக இருக்கிறது என்று கேளுங்கள். அவர் கையில் எடுக்கிற துண்டை எனக்குப் படமெடுத்து அனுப்புங்கள், முழங்கை அளவையும் சேர்த்து. மேடை வரைபடம் போட்டுத் தருகிறேன்.